ஆகாயத்தின் வாசலில் இருதயப் பரீட்சை

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் விமானப் படையில் விமானியாகப் பயிற்சி பெற விரும்பும் இளைஞர் ஒருவர், எழுத்துத் தேர்வுகளிலும் நேர்முகத்திலும் தேறி, தேர்வுக் குழுவின் பட்டியலில் தம் பெயரையும் கண்டு, இனித் தடையொன்றுமில்லை என்று மகிழ்ந்திருக்கும் வேளையில், மார்பிலும் கை கால்களிலும் பத்து முனைகளைப் பொருத்திச் சில விநாடிகளில் எடுத்து முடிக்கும் இ.சி.ஜி. என்னும் மின்வரைபடம், அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் உணர்ந்திராத ஒரு விசேஷத்தை அவருடைய இருதயத்தில் கண்டு வெளியிட்டுவிடுகிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின் துடிப்பு இறங்கி வரும் நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே கடந்திருக்கலாம். வலப்புற மின்பாதை சிறிது தாமதித்து இயங்கலாம். அல்லது ஒலியலைப் படமாகிய எக்கோ எடுத்துப் பார்க்கையில், மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய மகாதமனி வால்வில் இரண்டே இதழ்கள் இருப்பது தெரியவரலாம். நேற்றுவரை ஐந்து மைல் ஓடியும் களைக்காத அந்தத் தேகத்தின் பெயருக்கு நேரே, "தகுதியில்லை" என்ற சொல் விழுகிறது.

அந்தச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அங்குள்ளவர்கள் 'வேவர்' என்று வழங்கும் மருத்துவ விதிவிலக்கை நாடுவதற்கு ஒரு வழி உண்டு. பரிசோதித்த வைத்தியர் தம் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து மேலே அனுப்புகிறார். இருதய நிபுணரின் கருத்துரை, இருபத்து நான்கு மணி நேரமும் உடலில் பூட்டியிருந்து துடிப்புகளைக் குறித்துவைக்கும் ஹோல்டர் கருவியின் பதிவு, ஓட்டப் பலகைச் சோதனையின் முடிவு, எக்கோ படம் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. சிக்கலான விவகாரமானால் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள ரைட்-பாட்டர்ஸன் விமானத் தளத்தின் விண்பறப்பு மருத்துவ ஆலோசனைப் பிரிவுக்கே அந்தக் கட்டு போய்ச் சேர்கிறது. வாரங்கள் மாதங்களாகின்றன, பயிற்சி வகுப்பு ஒன்று அவரின்றித் தொடங்கிவிடுகிறது, வயது வரம்போ நிற்காமல் நெருங்கி வருகிறது. இந்த நெடுங்காத்திருப்பில் அந்த இளைஞர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என் இருதயம் தாங்குமா, தாங்காதா?" அவருக்கு விடையளிக்கும் அமைப்போ, அதனுடன் வேறொரு கேள்வியையும் சேர்த்துத் தனக்குள் கேட்டுக்கொள்கிறது. அந்த இரண்டாவது கேள்வியை அவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையாளனின் வாதம். அது என்ன கேள்வி என்பதை, அதை நேரில் அனுபவித்த ஒரு மனிதரின் சரித்திரத்தைக் கொண்டே பின்னர் விளக்குவேன்.

இருதயத்தை மட்டும் ஏன் இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள் என்று முதலில் அறிய வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் மூளை, இருதயத்துக்கு ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றுவதிலேயே, பாதரச அளவில் சுமார் 22 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகிவிடுகிறது. பூமியில் நாம் உணரும் ஈர்ப்பை ஒரு 'ஜி' என்கிறார்கள். போர் விமானம் வேகமாகத் திரும்புகையில் விமானியின் உடல் ஐந்து ஜி விசைக்கு ஆளாகுமானால், அதே உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற ஐந்து மடங்கு அழுத்தம், அதாவது 110 மில்லிமீட்டர், செலவாகும். இருதயம் சுருங்கும்போது உண்டாகும் சாதாரண அழுத்தமே 120 என்றால், மூளைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிடலாம். இன்றைய போர் விமானங்கள் ஒன்பது ஜி வரை திரும்ப வல்லவை. கால்களையும் வயிற்றையும் இறுக்கும் காற்றுடையை அணிந்து, தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று விநாடிக்கொருமுறை வெடுக்கென்று விட்டு வாங்கி, விமானி தம் நினைவைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறார். அந்தக் கணத்தில் இருதயத்தின் தாளம் தவறினால், மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், கீழறைகளுக்கு வந்து சேரும் இரத்தம் குறைகிறது. ஏற்கெனவே கடன்பட்டிருக்கும் மூளை முற்றும் வறண்டுபோகிறது. தரையில் நடக்கும் ஒருவர் சிறிது தலைசுற்றி உட்கார்ந்துவிடக்கூடிய அதே கோளாறு, தனி இருக்கை விமானத்தில் உயிரையும் விமானத்தையும் ஒருங்கே கொண்டுபோய்விடும். ஆகவே வைத்தியர்களின் கண்டிப்பைக் கொடுமை என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

நாற்காலி மீது ஏறி இறங்கிய காலம்

விமானிகளின் இருதயத்தை அளக்கும் முயற்சி, விமானப் படையைக் காட்டிலும் பழமையானது. முதல் உலக யுத்தத்தின்போது, 1917-18 ஆண்டுகளில், தியடோர் லிஸ்டர் என்னும் ராணுவ வைத்தியரின் முயற்சியால் விமானிகளுக்கென்றே தனி மருத்துவப் பணி அமெரிக்காவில் உருவாயிற்று. நியூயார்க்கை அடுத்த மினியோலாவில் அமைந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஷ்னைடர் என்னும் உடலியல் அறிஞர், 1920-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். ஆளைப் படுக்கவைத்து நாடித் துடிப்பை எண்ணுவார்கள். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எண்ணுவார்கள். பின்பு பதினெட்டு அங்குல உயரமுள்ள நாற்காலியின் மீது, பதினைந்து விநாடிக்குள் ஐந்து முறை ஏறி இறங்கச் செய்து, நாடி எவ்வளவு ஏறுகிறது, எத்தனை விநாடியில் பழைய நிலைக்கு மீள்கிறது என்று பார்ப்பார்கள். நின்றபோது இரத்த அழுத்தம் ஏறிற்றா, இறங்கிற்றா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, பதினெட்டு மதிப்பெண்ணுக்கு இத்தனை என்று தீர்ப்பளிப்பார்கள். ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் ஓர் அழுத்தமானியும் கொண்டு மனித இருதயத்தின் எதிர்காலத்தை அறிய முயன்ற அந்த உழைப்பை நான் மரியாதையோடு நினைக்கிறேன். எனினும், முதல் நாள் இரவு சரியாக உறங்காதவனும், பரீட்சைக்குப் பயந்து படபடப்புற்றவனும் அந்த முறையில் குறைந்த மதிப்பெண் பெற்றிருப்பான் என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மின்வரைபடம் அந்த நாற்காலியின் இடத்தைப் பிடித்தது. 1957-இல் விமானப் படை ஓர் அரிய காரியத்தைத் தொடங்கிற்று. பறக்கும் பணியிலுள்ள ஒவ்வொருவரின் இருதய மின்வரைபடத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் மத்திய நூலகம் ஒன்றை, டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்த தன் விண்பறப்பு மருத்துவப் பள்ளியில் நிறுவியது. அங்கே இருதயப் பிரிவை நடத்திவந்த லாரன்ஸ் லாம்ப், ரோலண்ட் ஹிஸ் என்பவருடன் சேர்ந்து, 1,22,043 பேருடைய வரைபடங்களை ஆராய்ந்து 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் வரைபடங்களையே பார்த்துப் பழகியிருந்த வைத்திய உலகம், நோயே இல்லாத லட்சம் பேரின் இருதயங்கள் எப்படி எழுதுகின்றன என்பதை அப்போதுதான் முதன்முறையாக விரிவாகக் கண்டது. நோயின் அடையாளம் என்று பாடநூல்கள் கூறியிருந்த எத்தனையோ கோணல்கள், திடகாத்திரமான வாலிபர்களிடம் சாதாரணமாகக் காணப்பட்டன. நோயாளியிடம் ஒரு பொருள் தரும் கோடு, ஆரோக்கியமுள்ளவனிடம் வேறு பொருள் தரக்கூடும் என்ற ஞானம் அந்த நூலகத்தின் பேறு. இன்று விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு ஓரளவேனும் வழி திறந்திருக்கிறதென்றால், தங்கள் இருதயத்தின் எழுத்தை அங்கே விட்டுச்சென்ற அந்த லட்சம் பேருக்கும் அதில் பங்குண்டு.

அந்தக் கட்டுரை வெளிவந்த அதே 1962-ஆம் ஆண்டிலேதான், இருதயத் தாளம் பிசகியது என்பதற்காக ஒரு விமானியின் பயணம் உலகறிய நிறுத்தப்பட்டது.

ஸ்லேட்டனின் பத்தாண்டு

டொனால்ட் ஸ்லேட்டன், டீக் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்னும் ஊருக்கருகே ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1924-இல் பிறந்தவர். சிறு பிராயத்தில் புல்லறுக்கும் எந்திரத்தில் சிக்கி இடக்கை மோதிர விரலை இழந்தவர். அந்தக் குறையோடேயே ராணுவ விமானியாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பாவின் மீது 56 முறையும் ஜப்பானின் மீது 7 முறையும் குண்டுவீச்சு விமானத்தில் சென்று மீண்டவர். பின்பு பொறியியல் பயின்று, எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை விமானியாகப் புகழ்பெற்று, 1959 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் எழுவருள் ஒருவராக அறிவிக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், பென்ஸில்வேனியாவின் ஜான்ஸ்வில் தளத்தில், ஐம்பது அடி நீளக் கையின் முனையில் மனிதனை அமர்த்திச் சுழற்றும் பேரெந்திரத்தில் ஏறுவதற்கு அவரை ஆயத்தம் செய்தபோது, மார்பில் ஒட்டியிருந்த முனைகளிலிருந்து வந்த கோடுகள் ஒழுங்கற்று ஓடுவதை, வீரர்களின் வைத்தியரான வில்லியம் டக்ளஸ் கண்டார். மேலறைகள் தாளம் தவறி நடுங்கிக்கொண்டிருந்தன. ஸ்லேட்டனுக்கோ உடம்பில் எந்த உபாதையும் தெரியவில்லை. அந்த நடுக்கம் அவ்வப்போது வந்து, சில நாளில் தானே அடங்கிவிடும் சுபாவமுடையதாக இருந்தது.

கடற்படை மருத்துவமனையிலும் விமானப் படையின் மருத்துவப் பள்ளியிலும் அவரைப் பரிசோதித்தார்கள். இந்தக் கோளாறு அவருடைய பணிக்கு இடையூறாகாது என்பதே பொதுவான முடிவாக இருந்தது. ஆனால் பள்ளியின் பரிசோதனையில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் அதை ஏற்கவில்லை. ஸ்லேட்டனைப் பறக்கவிடக்கூடாது என்று தம் கருத்தை எழுதி அனுப்பினார். சில காலம் அந்தக் கருத்து ஓரமாகக் கிடந்தது. ஸ்லேட்டன் பூமியைச் சுற்றப்போகும் இரண்டாவது அமெரிக்கராக நியமிக்கப்பட்டு, பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, 1962-இன் தொடக்கத்தில், விவகாரம் மறுபடியும் எழுந்தது. விமானப் படையின் வைத்தியக் குழுக்கள் கூடி ஆராய்ந்து, அவர் முழுத் தகுதியுடையவர் என்றே மீண்டும் கூறின. அப்படியிருந்தும் விமானப் படைத் துறைச் செயலாளர் யூஜின் ஜக்கர்ட், விமானப் படைக்கு வெளியிலிருந்து ப்ராக்டர் ஹார்வி, தாமஸ் மாட்டிங்லி, யூஜின் பிரான்வால்ட் என்னும் மூன்று பெரும் இருதய நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பதென்று தீர்மானித்தார்.

அம்மூவரும் சொன்னதைத்தான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தத் தாளப் பிசகினால் ஸ்லேட்டனின் செயல் திறன் கெடும் என்று தங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கெடாது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் இந்தக் கோளாறு இல்லாத வேறு வீரர்கள் கைவசம் இருக்கும்போது, அவர்களில் ஒருவரை அனுப்புவதே தகும் என்றார்கள். அந்த மார்ச் மாதத்திலேயே ஸ்லேட்டன் விலக்கப்பட்டார். மே 24-ஆம் தேதி அவருக்குப் பதிலாக ஸ்காட் கார்ப்பென்டர் பறந்தார்.

நான் முன்னே குறிப்பிட்ட இரண்டாவது கேள்வி இதுதான்: உனக்குப் பதிலாக இன்னொருவன் இருக்கிறானா? ஸ்லேட்டனின் இருதயம் தாங்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சந்தேகத்தின் பலனை அவருக்கு அளிக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி மற்றவர்கள் இருந்தார்கள், அவ்வளவே. இந்த நியாயம் தவறானதென்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கான மக்கள் பார்த்திருக்கும் ஒரு பயணத்தில், தவிர்க்கக்கூடிய ஐயத்தை ஏற்றி அனுப்ப எந்த அதிகாரியும் தயங்குவார். ஆனால் அது மருத்துவ நியாயமன்று, நிர்வாக நியாயம். மருத்துவத்தின் அங்கியைப் போர்த்திக்கொண்டு அது வந்ததால், அந்த மனிதர் பத்தாண்டுக் காலம் நோயாளி என்ற பெயரைச் சுமக்க நேர்ந்தது.

ஜெட் விமானத்தில் தனியே பறக்கும் உரிமையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. இன்னொரு விமானி உடனிருந்தால்தான் ஏறலாம். 1963-இல் அவர் விமானப் படையிலிருந்து விலகினார். சக வீரர்களோ அவரைக் கைவிடவில்லை. தங்கள் அனைவருக்கும் தலைவராக அவரே இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அதன் பயனாக, எந்தப் பயணத்தில் யார் யார் செல்வது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு ஸ்லேட்டனிடம் வந்தது. சந்திரனில் முதலில் கால் வைக்கப்போகும் குழுவை நியமித்த மனிதருக்கு, ஒரு சாதாரண ஜெட் விமானத்தைத் தனியே ஓட்டிச் செல்ல அனுமதியில்லாமல் இருந்தது. அவர் புகையை விட்டார், காப்பியை விட்டார், மதுவைப் பெரிதும் குறைத்தார், தேகப் பயிற்சியை விடாமல் செய்தார், வைட்டமின்களை உட்கொண்டார். எது காரணமோ அறியோம். 1970-ஐ ஒட்டி அந்த நடுக்கம் வராமல் நின்றுபோயிற்று. மின்னஸோட்டாவிலுள்ள மேயோ மருத்துவமனையில் அவர் உடலை நன்கு ஆராய்ந்து, இருதயத்தின் இரத்தக் குழாய்களையும் படமெடுத்துப் பார்த்துக் குறையில்லை என்று கண்டபின், 1972 மார்ச்சில், சரியாகப் பத்தாண்டு கழித்து, பறக்கும் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

1975 ஜூலை 15-இல், தம் ஐம்பத்தோராவது வயதில், சோவியத் கலமாகிய ஸோயுஸுடன் இணைந்த அப்பல்லோ பயணத்தில் அவர் விண்ணேறினார். அதுவரை விண்வெளி சென்றவர்களுள் அவரே மூத்தவர். ஒன்பது நாட்கள் அந்த இருதயம் தன் கடமையைப் பிசகின்றிச் செய்தது. பூமிக்குத் திரும்பும் வழியில் நச்சுப் புகை கலத்தினுள் புகுந்துவிட்டதால், கரையேறியதும் அதிலிருந்த வீரர் மூவரையும் மருத்துவமனையில் வைத்துப் பரிசோதித்தபோது, ஸ்லேட்டனின் இடப்புற நுரையீரலில் ஒரு நிழல் தென்பட்டது. அறுத்துப் பார்த்ததில் அது கேடற்ற கட்டி என்று தெரிந்தது. பயணத்துக்கு முன் எடுத்த படங்களை மறுபடி எடுத்து நோக்கினால், அவற்றிலும் அந்த நிழல் இருந்திருக்கிறது; எவர் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் இரண்டாம் முறையும் அவர் தரையிலேயே நிறுத்தப்பட்டிருப்பார். தீங்கே செய்யாத ஒரு குறையைக் கண்டுபிடித்துப் பத்தாண்டு தடுத்த அதே மருத்துவம், தடுப்பதற்கு அதைவிட வலுவான காரணமாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய ஒன்றைக் காணாமல் விட்டது. வைத்தியர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை நான் எடுத்துக்காட்டவில்லை; பரிசோதனை என்பது அதன் உச்சத்திலும் எத்தனை தற்செயல்களுக்கு உட்பட்டது என்பதை, "தகுதியில்லை" என்ற சொல்லைக் கேட்டு மனமுடைந்திருக்கும் ஒருவர் அறிந்துகொள்வது நல்லது.

நூற்றில் ஒன்று

ஸ்லேட்டனின் காலத்தில் ஐயம் ஐயமாகவே இருந்தது. அதை எண்ணால் அளக்கும் முயற்சி பின்னரே வந்தது. 1980-களில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருதய நிபுணர்கள் கூடிப் பயணிகள் விமானத் துறைக்காக ஒரு கணக்கை வகுத்தார்கள். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். அதை ஏறக்குறைய பத்தாயிரம் என்று கொண்டால், ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்போடு திடீரென்று செயலிழக்கக்கூடிய ஒருவர், பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படி ஆவார். விமானம் மேலெழும்புவதும் இறங்குவதுமாகிய இக்கட்டான பகுதி பயணத்தில் பத்தில் ஒன்றுதான். அந்த வேளையில் அவர் விழுந்தாலும், அருகிலுள்ள இரண்டாவது விமானி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நிலைமையைக் காப்பாற்றிவிடுவார். எல்லாவற்றையும் பெருக்கினால், நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு விபத்து என்று வருகிறது. ஆகவே ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அபாயம் வரை பொறுக்கலாம் என்பது அந்தக் கணக்கின் முடிவு. இதன் அழகு, மனிதனிடம் பூரணத்துவத்தைக் கேட்காமல், இவ்வளவு குறை பொறுக்கப்படும் என்று வெளிப்படையாக ஓர் எல்லையைச் சொல்லிவிடுவதில் இருக்கிறது. ஆனால் இரண்டாவது விமானி இல்லாத போர் விமானத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பெருக்கலில் ஓர் உறுப்பு உதிர்ந்துபோகிறது, அத்துடன் ஒன்பது ஜி விசை வேறு வந்து சேர்கிறது.

அமெரிக்க விமானப் படை தன் விதிவிலக்குக்கு வகுத்திருக்கும் நிபந்தனைகளைப் படித்தால், அவை நியாயமானவை என்றே தோன்றும். அந்தக் கோளாறு திடீரென ஆளைச் செயலிழக்கச் செய்யக்கூடாது. அறிவையும் புலன்களையும் மெல்ல மெல்ல மழுங்கச் செய்யும் தன்மையும் அதற்கு இருக்கக்கூடாது. அது குணமாகியோ நிலைபெற்றோ இருக்க வேண்டும், பறப்பின் கடுமையிலும் அப்படியே நிற்குமென்று எதிர்பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஒருகால் மீண்டு வந்தாலும் அதன் முதல் அறிகுறி எளிதில் தெரிவதாகவும் தீங்கற்றதாகவும் இருக்க வேண்டும். அதைக் கண்காணிக்க அபூர்வமான சோதனைகளோ, உடலைத் துளைக்கும் சிகிச்சைகளோ, அடிக்கடி விடுப்போ தேவைப்படலாகாது. தொடர்ந்த போர்ப்பணிக்கு அது ஒத்துவர வேண்டும். நோய் ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் எழுதி, எந்த வகுப்பினருக்கு விதிவிலக்குக் கிடைக்கக்கூடும், அதுவரை எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்ற விவரத்தோடு, ஒரு வழிகாட்டி நூலையே அந்தப் படை பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. ராணுவ நிர்வாகம் ஒன்று தன் மறுப்புகளின் எண்ணிக்கையைத் தானே அச்சிட்டு வெளியிடுவது பாராட்டத்தக்க காரியம்.

அந்த நூலின் அட்டவணைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், ஸ்லேட்டனின் தீர்ப்பில் ஒளிந்திருந்த இரண்டாவது கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் முகம் காட்டும். பயிற்சிக்கு வருபவருக்குரிய தேகப் பரீட்சையை முதல் வகுப்பு என்றும், பயிற்சி பெற்றுப் பறந்துகொண்டிருக்கும் விமானிக்குரியதை இரண்டாம் வகுப்பு என்றும் வழங்குகிறார்கள். ஒரே இருதயக் கோளாறு, ஒரே அளவு, முதல் வகுப்பின் கட்டத்தில் 'இல்லை' என்றும் இரண்டாம் வகுப்பின் கட்டத்தில் 'உண்டு' என்றும் அச்சாகியிருக்கும் இடங்கள் பல. ஸ்லேட்டனுக்கு வந்த மேலறை நடுக்கமே இதற்குத் தக்க உதாரணம்; ஒருமுறை வந்து நின்றுபோன விமானி, சில காலம் கண்காணிப்பில் இருந்தபின் மீண்டும் பறக்க வழியுண்டு, பயிற்சிக்கு விண்ணப்பிப்பவருக்கோ பொதுவாகக் கதவு அடைபட்டுவிடுகிறது. இரண்டாம் வகுப்பில் இன்னொரு சலுகையும் உண்டு: குறைந்த விசைக்கு மட்டுமே உட்படும் சரக்கு விமானத்திலோ, எரிபொருள் வழங்கும் விமானத்திலோ, உடன் ஒரு விமானி இருக்கப் பறக்கலாம் என்று வரம்பிட்டு அனுமதிப்பார்கள். பயிற்சி மாணவருக்கு அந்த இடைவழி இல்லை. பின்னால் எந்த விமானத்துக்குப் போவதானாலும், தலைகீழாகச் சுழன்று விசையைத் தாங்கும் பயிற்சி விமானத்தை அவர் முதலில் கடந்தாக வேண்டும். எந்த வகை விமானத்துக்கும் அனுப்பத்தக்கவராகவும் இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் உண்டு. இருபத்திரண்டு வயதில் சேருபவரின் இருதயத்தை, இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் நம்பியிருக்க வேண்டும். நாற்பது வயது விமானியின் இருதயத்தைச் சில ஆண்டுகளே நம்பினால் போதும். விமானிக்காக அரசு ஏற்கெனவே பெரும் பொருளைச் செலவிட்டுவிட்டது. விண்ணப்பதாரருக்காக இன்னும் செலவிடவில்லை. விமானியின் அனுபவத்துக்கு ஈடில்லை. விண்ணப்பதாரருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. இவையெல்லாம் சரியே. ஆனால் மறுப்புக் கடிதத்தில் இவற்றுள் ஒன்றும் எழுதப்படுவதில்லை. நோயின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதைப் படிக்கும் இளைஞர், தம் இருதயம் பழுதுபட்டது என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறார், ஓடுவதை நிறுத்துகிறார், தாயும் தந்தையும் கவலைப்படுகிறார்கள்.

உண்மையில் பலருடைய விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. ஆண்டுக்கணக்கில் ஓட்டத்திலும் துடுப்பு வலித்தலிலும் பயின்ற தேகத்தின் இருதயம் மெதுவாகத் துடிக்கிறது, மின் துடிப்பு நிதானமாக இறங்குகிறது, இடக் கீழறையின் சுவர் சற்றே தடிக்கிறது. சுவரின் தடிப்பு 13 மில்லிமீட்டரைத் தொட்டால், அது பயிற்சியின் விளைவா, அல்லது இளைஞர்களைத் திடீரென்று மாய்க்கும் பரம்பரைத் தசைநோயின் தொடக்கமா என்று வைத்தியர் திகைக்கிறார். அதைப் பிரித்தறிய ஓர் எளிய உபாயம் உண்டு: மூன்று மாதம் பயிற்சியை அடியோடு நிறுத்திவைத்து மறுபடி அளப்பது, பயிற்சியால் தடித்த சுவர் மெலிந்துவிடும், நோயால் தடித்தது மெலியாது. போர்ப்படைக்கு வேண்டிய உடலைச் சிரத்தையோடு சமைத்தவரே, அந்தச் சிரத்தையின் காரணமாகச் சந்தேகத்துக்கு ஆளாகி, மூன்று மாதம் சும்மாயிருக்க நேர்கிறது. அதைப் பொறுமையோடு செய்துவிட்டு, அளவுகளைக் கையில் ஏந்தித் திரும்பி வருபவருக்கு வழி பிறக்கிறது.

காலம் மாற்றித் தந்த வாசல்களும் உண்டு. உல்ஃப்-பார்க்கின்ஸன்-ஒயிட் என்று மூவர் பெயரால் வழங்கும் கோளாறில், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே ஒரு குறுக்கு மின்பாதை இருக்கிறது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு இது உண்டு, பெரும்பாலோர் அதை அறியாமலே முதுமையடைகிறார்கள். முன்பு இதைக் கண்டால் விவாதமே இல்லை. 1990-களின் தொடக்கத்திலிருந்து, தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, வானொலி அலையின் வெப்பத்தால் அந்தக் குறுக்குப் பாதையைத் தீய்த்துவிடும் சிகிச்சை பரவிற்று; பாதை போய்விட்டது என்று சில மாத இடைவெளிக்குப்பின் உறுதிப்படுமானால், பயிற்சிக்கு வருபவருக்கும் விதிவிலக்குக் கிடைக்கக்கூடும். இரண்டு இதழ் வால்வுடன் பிறப்பவர்கள் நூற்றில் ஒருவர் அல்லது இருவர். ஒழுக்கும் குறுக்கமும் அற்பமாக இருந்தால், அவர்களுடைய விண்ணப்பமும் காதுகொடுத்துக் கேட்கப்படுகிறது.

இத்தனை வாசல்கள் இருந்தும், மறைத்துவிடலாமா என்ற ஆசை பலருக்கு எழத்தான் செய்கிறது. பள்ளி நாளில் ஒருமுறை மயங்கி விழுந்ததையும், சிறுவயதில் யாரோ ஒரு வைத்தியர் இருதயத்தில் முணுமுணுப்புக் கேட்கிறது என்றதையும் படிவத்தில் எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். 2022 முதல், படையில் சேருவோரின் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கணினி வழியே திரட்டிக் காட்டும் ஜெனிஸிஸ் என்னும் ஏற்பாடு சேர்க்கை நிலையங்களில் புகுந்துவிட்டதால், மறைத்தது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுகிறது. வெளிப்பட்டபின் நோய்க்கு விதிவிலக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம், பொய்க்குக் கிடைப்பது அரிது. ஆனால் இளைஞர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. உண்மையைச் சொன்னவன் காரணம் அறியாமல் கழிக்கப்படுகிறான் என்று பேச்சு பரவியிருக்கும் வரையில், உண்மை சொல்லும் துணிவு எல்லோருக்கும் வராது.

ஆகவே, மறுப்புக் கடிதத்தில் இரண்டு பத்திகள் இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். முதல் பத்தியில், உங்கள் இருதயத்தில் கண்டது இது, இதனால் உங்கள் சாதாரண வாழ்வுக்கு இவ்வளவு அபாயம் உண்டு அல்லது இல்லை, இன்ன வைத்தியரை இன்ன காலத்தில் பாருங்கள் என்று எழுதட்டும். இரண்டாவது பத்தியில், இந்த ஆண்டில் இவ்வளவு இடங்களுக்கு இவ்வளவு பேர் தகுதியோடு நிற்கிறார்கள், ஆகையால் ஐயத்துக்கிடமான ஒருவரை நாங்கள் ஏற்கவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதட்டும். விமானிப் பற்றாக்குறை ஏற்படும் ஆண்டுகளில் அந்த இரண்டாவது பத்தி தானாகவே மாறும். அப்போது அதே வரைபடத்துடன் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பதும் அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கும்.